வட்டத்துக்குள்ளே மாளுவின் கூடு

1

மலேசியாவில் சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்கள், திருவனந்தபுரம் என்றதும் கோயிலையும் கடற்கரையையும்தான் நினைத்துக்கொள்வீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் கல்யாணமாகி வந்தேன். வந்து சேர்ந்ததோ அந்த ஜில்லாவின் தெற்குக் கடைசியில், பாறசாலைக்குப் பக்கத்தில். இன்னும் கொஞ்சம் போனால் களியக்காவிளை, அதோடு தமிழ்நாடு. கித்தா மரத்தை விட்டுத் தப்பித்தோம் என்று பார்த்தால், இங்கேயும் வீட்டைச் சுற்றி அதே மரம், இவர்கள் வாயில் ரப்பர், அதே பால் நாற்றம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பன்றிக்கூடு உண்டு. போன வருடம் வரை அதில் ஒரு பன்றியும் இருந்தது. போன வாரம் மிருக ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து, பன்றிகளுக்கு வந்த காய்ச்சலுக்கான கட்டுப்பாடு நீங்கிவிட்டது, ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்க்கிறவர்கள் இனிக் குட்டி வாங்கலாம், முறைப்படி சான்றிதழோடு வண்டியில் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் நெல்சனுக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டு குட்டி எடுப்பமா? விதுர பக்கம் நல்ல வெள்ளக் குட்டி கிடக்குதுன்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், கேட்டியா."

விதுர என்பது பொன்முடி மலைக்குப் போகிற வழி. எங்கள் மகள் ஜெனி, ஒன்பதாவது படிக்கிறவள், தட்டில் இருந்த மரச்சீனிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நெல்சன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

2

இங்கே ஒரு பன்றியை வண்டியேற்ற என்ன பாடு என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். நாலைந்துக்குள் வளர்த்தால் பண்ணை லைசென்ஸ் கேட்பதில்லை. ஆசைக்கு வளர்க்கிற அப்பாவிகள் நாங்கள். ஆனால் அந்த ஒரே ஒரு பன்றியை ஆசைக்கு எங்கேயும் கூட்டிப்போக முடியாது. அதற்கு நோயில்லை, பிரயாணம் தாங்கும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். வண்டியை மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். பன்றியைக் கட்டக் கூடாது. இன்னொரு வீட்டுப் பன்றியைக் கூடச் சேர்த்து ஏற்றக் கூடாது. காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டிலிருந்து பன்றி இந்தப் பக்கம் வரவே கூடாது என்றும் ஆயிற்று. நவராத்திரிக்கு அந்த எல்லை வழியாகத்தான் சரஸ்வதி அம்மன் ஊர்வலமாக யானைமேல் வருகிறாள், போலீஸ் சல்யூட் அடிக்கிறது. அந்தப்புறம் இருக்கிற என் கொழுந்தன் வீட்டிலிருந்து ஒரு குட்டி வர வழியில்லை.

எங்கள் பன்றி மாளுவை இணை சேர்க்க நெடுமங்காட்டுக்குக் கொண்டுபோக நினைத்த சமயம் நான் அந்தச் சான்றிதழுக்காக அலைந்தேன். கவுண்டரில் இருந்தவரிடம், "பன்றியைப் பட்டியிலிருந்து வெளிய கொண்டுபோகணும்" என்றேன். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பன்னியோ பட்டியோ? ரெண்டில் ஒண்ணு பறயணும்."

"பன்னி சார். பட்டியில இருக்கு."

"பட்டிக்கு லைசென்ஸ் பஞ்சாயத்தில்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் என் நாக்கு அவசரத்தில் பிறந்த மண்ணான நெகிரி செம்பிலானுக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து படிவத்தைப் பார்த்தால், எங்கிருந்து வந்தது, எதில் வந்தது, நோய் உண்டா, யார் பொறுப்பு என்று கேள்வி. கல்யாணமான புதிதில் போலீஸ் கமிஷனர் ஆபீசில் வெளிநாட்டுக்காரி என்று என்னைப் பதியப் போனபோதும் இதே கேள்விகள்தான். தம்பானூரில் பஸ் இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று, நெல்சனைச் சுட்டி "இவர்தான் பொறுப்பு" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

நெல்சன் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு போட்டோ ஒட்டணும், மாளுவுக்கு வேண்டாம். வேற ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார். நல்ல ஆள்தான்.

3

எங்கள் பின்மதிலுக்கு அந்தப்புறம் வில்சன் அண்ணனின் பன்றிப் பண்ணை. தம்பானூர் ஓட்டல்களில் மிச்சமாகும் சோறும் சாம்பாரும் பீப்பாய் பீப்பாயாக சாயங்காலம் வேனில் வரும். வேன் சத்தம் கேட்டதுமே அத்தனை பன்றிகளும் கத்துகிற கத்தலில் எங்கள் வீட்டில் டிவி கேட்காது. நெல்சனுக்கு எரிச்சல். எனக்கு மட்டும் அது பிறந்த வீட்டுச் சத்தம். வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறேன், இப்போது சொல்கிறேன்.

பால் குடிக்கத் தெம்பில்லாமல் ஒதுங்கிக் கிடந்த ஒரு குட்டியை வில்சன் அண்ணன் மதிலுக்கு மேலாக நீட்டினார். "வேணும்னா நோக்கிக்கோ, தங்கச்சி. பிழைச்சா உனக்கு" என்றார். பிழைத்தது. ஜெனி அப்போது சின்னவள், மாளு என்று பேர் வைத்தாள். ஒரு வருடத்தில் கூட்டுக் கதவை முட்டித் திறக்கிற அளவுக்கு வளர்ந்தாள் மாளு. சோப்புப் போட்டுத் தேய்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பூட்டு இல்லாத நாளில் தோட்டம் முழுக்கச் சுற்றுவாள், நான் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் வந்துவிடுவாள்.

கூப்பிடுவது என்றால் பேர் சொல்லி அல்ல. "ஊவோய்" என்று அடித்தொண்டையில் எடுத்து, மேலே கொண்டுபோய், கடைசியில் நாக்கைச் சொடுக்குகிற ஒரு கூப்பாடு. தமிழுமில்லை, சீனமுமில்லை. அப்பா கூப்பிட்டுக் கேட்டது, எனக்கு வந்துவிட்டது. சாயங்காலம் தீனி வாளியோடு நான் கூப்பிட்டால் மதிலுக்கு அந்தப்புறமும் எல்லாம் சட்டென்று அடங்கிக் காதைத் தூக்கும்.

ஜெனிக்கு அது பிடிக்காது. ஸ்கூல் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு ரோட்டில் கேட்கிறதாம். "அம்மே, நாணக்கேடு" என்பாள். பாறசாலையில் பாதி வீடு தமிழ் வீடு. ஆனால் அவள் படிப்பது, சண்டை போடுவது, கனவு காண்பது எல்லாம் மலையாளத்தில். என்னிடம் அரைகுறையாகக் கலந்து பேசுவாள். முழுசாகத் தமிழில் ஒரு வாக்கியம் அவளிடமிருந்து கேட்டு வெகு நாளாகியிருந்தது. அந்தக் கூப்பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தடவை முயன்றேன், காதைப் பொத்திக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

4

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கித்தா வெட்டுவதை விட்டுவிட்டு தவுக்கே என்று நாம் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் பன்றிப் பண்ணையில் இருந்தார். தீனி போடுவார், லாரி ஓட்டுவார். வடக்கே பன்றிகளுக்கு இருமல் வந்திருக்கிறது என்று பேச்சு வந்தது. ஒரு மைலுக்குக் கேட்கும் இருமல் என்றார்கள். விலை விழுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று அங்கேயுள்ளவர்கள் தள்ளிவிட, தவுக்கே மலிவாக வாங்கினார். அப்பா லாரியோடு போய் வந்தார். "இருமாதத மட்டும் பார்த்து ஏத்தினேன்" என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அவர் கவனமான ஆள். ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டுத்தான் ஏற்றியிருப்பார்.

அப்புறம் நடந்தது நம்மூரில் உங்களுக்கெல்லாம் தெரியும். நிப்பா என்று பேர் பிறகு வந்தது. இருமல் எங்கள் பக்கமும் கேட்டது. ஆட்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஊர் ஊராகக் கம்பங்கள் காலியாயின. துணி கொடியில் காய்ந்தபடி கிடக்க, சனம் கிளம்பிப் போயிற்று. ஆர்மிக்காரர்கள் வந்து பன்றிகளைச் சுட்டார்கள்.

அப்பா சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. சாயங்காலமானால் மட்டும் வாய் திறந்து "ஊவோய்" என்று கூப்பிடுவார். வார்டே திரும்பிப் பார்க்கும். அம்மா அவர் வாய்மேல் கையை வைத்து, "யாரங்க கூப்பிடுறீங்க? ஒண்ணும் இல்லையே அங்க" என்று அழுவாள். கையை எடுத்தால் மறுபடி கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டேதான் போனார்.

நோய் வந்தது அந்த லாரியால்தான் என்று எங்கள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

5

போன வருடம் மழைக்காலத்தில் கால்வாய்க்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய பண்ணையில் பன்றிகள் சாகத் தொடங்கின. இந்தக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, பன்றியை விடாது. மருந்து கிடையாது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருக்கிற எல்லாப் பன்றிகளையும் கொல்ல வேண்டும், அதில் ஒன்றும் வெளியே நகரக் கூடாது என்பது சட்டம். வில்சன் அண்ணன் பண்ணை வட்டத்துக்குள் வந்தது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தின ஆட்கள் வந்தார்கள். வில்சன் அண்ணன் பார்க்க மாட்டாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரே ஒரு பன்றி மட்டும் கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அதுவும் நின்றது. அன்றைக்குக் காக்கைகூட அந்தப் பக்கம் போகவில்லை. வெறும் சுண்ணாம்பு வாடை.

சாயங்காலம் மிருக ஆஸ்பத்திரி லேடி டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில். போனில் வரைபடத்தைத் திறந்து தோட்டத்தில் முன்னும் பின்னும் நடந்தார். வட்டத்தின் கோடு சரியாகத் துணி துவைக்கும் கல்மேல் போயிற்று.

"நோக்கு சேச்சி. வீடு வெளிய. கூடு உள்ள."

டாக்டர் என் பின்னால் நின்ற ஜெனியைப் பார்த்தார். பிறகு போனை அணைத்தார்.

"இன்னிக்கு இருட்டியாச்சு. ஞான் நாளைக்குக் காலத்து வரும். பன்னி அப்போ எங்க நிக்குதோ, அத நோக்கி எழுதும். எனிக்கும் ஒரு மோள் உண்டு."

நெல்சனுக்கு உடனே பிடிபட்டது. டாக்டர் கேட்டைத் தாண்டும் முன்பே தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வீட்டு முன்பக்கம் போனார்.

6

மாளுவைத் துவைக்கிற கல்லுக்கு இந்தப்புறம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். நெல்சன் கூட்டைத் திறந்து விட்டு, வாழைப்பழச் சீப்பைக் காட்டிக் காட்டிப் பின்னால் நடந்தார். அவள் வரவில்லை. மதிலில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். மெல்ல உறுமுவாள். நிறுத்துவாள். காதை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள். பிறகு மறுபடி உறுமுவாள். போனில் பேசுகிறவர்கள் மற்றவர் பேசி முடிக்கட்டும் என்று நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

வேன் வருகிற நேரம் அது. வேன் வரவில்லை.

நெல்சன் கையில் பழத்தோடு நின்று கேட்டார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க ஏதாவது ஒண்ண பாக்கி விட்டுட்டாவளா?" என்று கேட்டுவிட்டு, கூட்டுச் சுவர்மேல் ஏறி மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கொட்டகைகள் திறந்து கிடந்தன, தரையெல்லாம் வெள்ளைத் தூள் என்றார். "ஒண்ணும் இல்ல" என்று இறங்கினார். மாளு அவரைப் பார்க்கவேயில்லை. நின்று கேட்டாள், பதில் உறுமினாள்.

"நீ விளி. நீ விளிச்சா வருவா" என்றார் நெல்சன்.

"மாட்டேன்."

"வாசல் வரைக்கும்தானே? லாரியிலயா ஏத்தச் சொன்னேன்?"

"எங்கப்பாவும் இருமாதத மட்டும்தான் ஏத்தினாரு."

நான் இன்னொன்றும் சொன்னேன். அன்று காலை மாளு கஞ்சியில் பாதியை வைத்துவிட்டாள். அவள் மிச்சம் வைத்து நான் பார்த்ததே கிடையாது. வில்சன் அண்ணன் பன்றிகளோடு மதில் ஓட்டையில் மூக்கை உரசி வளர்ந்தவள். ரோட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தாயும் இப்போதுதான் போட்ட குட்டிகளும் இருக்கின்றன. எங்கள் வாசலில் கழுவுகிற தண்ணீர் அவர்கள் வீட்டு ஓடைக்குத்தான் போகும்.

"வயித்து வலியாட்டு இருக்கும்" என்றார் நெல்சன், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தரம் விளி அம்மே. ப்ளீஸ். ஒரே ஒரு தரம்."

மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் என் கையை உதறிவிட்டுத் தானே கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தக் கூப்பாடு வரவில்லை. குரல் மேலே போய்க் கீச்சிட்டு உடைந்தது, கடைசிச் சொடுக்கு விழவில்லை. மறுபடி மறுபடி முயன்றாள். மாளு திரும்பவில்லை. ஜெனி அழுதுகொண்டே மலையாளத்தில் என்னை என்னவோ சொன்னாள். வேகமாகச் சொன்னால் எனக்கு இன்றும் முழுசாகப் பிடிபடாது. என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

அன்றைக்கு நான் செய்தது சரி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்று முதல் அவள் என்னிடம் ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசுவது குறைந்துபோயிற்று. நான் கோழிகளைக்கூட வாயால் கூப்பிடுவதில்லை, தட்டைத் தட்டுகிறேன். சாயங்காலமானால் பின்பக்கக் கொடியிலிருந்து துணி எடுக்க எங்கள் வீட்டில் யாரும் முன்வருவதில்லை.

7

காலையில் டாக்டர் வந்தபோது மாளு கூட்டிலேயே நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி சேச்சி" என்றார்.

குழி வில்சன் அண்ணன் பண்ணையில்தான் இருந்தது. அங்கே நடத்திக் கொண்டுபோக மதிலில் கொஞ்சம் கல்லைப் பெயர்த்து வழி செய்தார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் இரண்டு பேர் கூட்டுக்குள் போனதும் மாளு மூலையில் ஒடுங்கிக்கொண்டு அலறினாள். பலகையை வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். சுவரில் மோதிக் காதில் ரத்தம் வந்தது. நெல்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஜெனி மதில் இடைவெளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே போ என்றேன், போகவில்லை.

"கட்டவும் அடிக்கவும் பாடில்ல சேச்சி, சட்டம் விடாது," என்றார் டாக்டர். "விளிச்சா வருமோ?"

வருவாள். எனக்குத் தெரியும், ஜெனிக்கும் தெரியும். முந்தின நாள் பிழைக்க வைப்பதற்குக் கூப்பிடாதவள், இப்போது சாவதற்குக் கூப்பிட வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் அந்த மூலையிலேயே மோதி மோதிப் பயந்து சாக வேண்டும். பயமில்லாமல் வரட்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

பெயர்த்த கல்லைத் தாண்டி அந்தப்பக்கம் போனேன். செருப்பு சுண்ணாம்பில் புதைந்தது. குழிக்கு முன்னால், காலிக் கொட்டகைகளுக்கு முதுகைக் காட்டி, என் வீட்டைப் பார்த்து நின்றேன். காறிக்கொண்டு கூப்பிட்டேன்.

மாளு அலறலை நிறுத்தினாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவள் வெளியே வந்தாள். கல் கிடந்த இடத்தில் தயங்கி மோந்து பார்த்தாள். நான் மறுபடி கூப்பிட்டேன். காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். நேரே என்னை நோக்கி, தீனி நேரத்தில் வருகிற அதே குலுக்கு நடையில் வந்தாள். நான் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் மிரண்டுவிடுவாள்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் குளம்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு நிறைய, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. தீனித் தொட்டியின் தகரம் தடதடவென்று ஆடியது. மூச்சுவிடுகிற சூடு என் கெண்டைக்காலில் பட்டது. டாக்டரின் பார்வை என்னைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. கையிலிருந்த சிரிஞ்சை அவர் தாழ்த்தினார். வெள்ளை உடுப்புக்காரர்களில் ஒருவர் "ஏசுவே" என்றார்.

மாளு என் காலடிக்கு வந்து கையை மோந்தாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு தலையைப் பின்பக்கம் நீட்டி, மெல்ல உறுமினாள். நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், என்னால் நிறுத்த முடியவில்லை.

மதில் இடைவெளியில் ஜெனி நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்தி, முழுசாகத் தமிழில் சொன்னாள்.

"போதும்மா, இனிமே கூப்பிடாதே. எல்லாரும் வந்தாச்சு."